பால் அண்ணன்

தெத்துவான், ஏப்ரல் 4

தூரியா,

என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். முதலில் என் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்காரனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என் புத்தி அப்படி. அவன் பார்த்துவிட்டு, "போன் நல்லாத்தான்மா இருக்கு, அந்தப் பக்கம் ஆளுதான் சரியில்ல" என்றான். அதனால் காகிதம் எடுத்திருக்கிறேன். பஸ் பார்சலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் தீரவேண்டும் நீ.

எங்கள் பஸ் நிலையத்துக்கு எதிரே விளம்பரப் பலகையில் நாலு மாடி உயரத்துக்கு நீ உட்கார்ந்திருக்கிறாய். பழைய படம். இஃப்ரான் ஓட்டலில், தாய்ப்பால் சுரக்கத் தேநீர் விற்கும் கம்பெனி நம்மைப் போன்ற வலைப்பூ எழுதும் அம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கூடை கூடையாகப் பரிசு கொடுத்ததே, அப்போது எடுத்தது. கம்பெனியின் பாலூட்டும் சால்வைக்குள் கைக்குழந்தைகளாக ஒரு பக்கம் உன் ரீம், மறு பக்கம் என் இல்யாஸ். கீழே, "இருபது ஆண்டுகளாக, எல்லாப் பிள்ளைக்கும் போதும் போதும் எனும் பால்." கம்பெனியின் இணையப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இன்னும் மோசம். பிள்ளையின் பெயர், என் பெயர், எல்லாம் போட்டிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை நானும் இல்யாஸும் அவனுக்கும் ரீமுக்கும் கல்யாண ஒப்பந்தத்துக்கு நாள் குறிக்க, அதை எழுதிப் பதியும் அதூலிடம் போனோம். மனிதர் பேனாவைத் திறந்தவர் அப்படியே மூடிவிட்டார். "இந்தப் பையன் அந்தம்மாகிட்ட பால் குடிச்சவன்னு ஊரெல்லாம் படம் போட்டு வெச்சிருக்கே. ஒரு வாய் உள்ள போயிருந்தாலும் மார்க்கப்படி அவன் அந்தம்மா பொண்ணுக்கு அண்ணன்மா. அண்ணன் தங்கச்சிக்கா என்னைக் கல்யாணம் எழுதச் சொல்றே?" என்றார். பிள்ளை அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு அந்தப் படமே தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பிரான்ஸில், துலூஸில் வேலை கிடைத்திருக்கிறது, ரீமை மனைவி என்று காகிதத்தில் எழுதினால்தான் கூட்டிக்கொண்டு போகமுடியும் என்பதுதான்.

நான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அந்த நேரத்தில் தூரியாவுக்குப் பாலே இல்லை, படத்துக்காக வாயில் வைத்தது, அவ்வளவுதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "நீ மாப்பிள்ளையோட அம்மா, நீ சொல்லத்தான் செய்வே. அந்தம்மாவே வந்து எனக்குப் பால் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். கதவைச் சாத்திக்கிட்டுக் கேட்டுக்கறேன். வெளியே போகாது."

ஒரு வார்த்தை, தூரியா. மூடிய அறையில். உன் கணவர் உயிரோடு இருந்தபோது வாய் நிறையச் சம்மதம் சொன்ன கல்யாணம் இது. நிச்சயத்தன்று நாங்கள் கொண்டுவந்த சர்க்கரைக் கூம்புகளை நீயும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினாய். பஸ்ஸில் வா. நான் நிலையத்தில் நிற்கிறேன், உன் பெரிய முகத்துக்குக் கீழேயே.

பூஷ்ரா


காசாபிளாங்கா, ஏப்ரல் 15

அன்புள்ள பூஷ்ராவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. போனில் பதில் சொல்லாததற்கு மன்னித்துக்கொள். என் போனை இப்போது அலுவலகப் பெண்கள்தான் பார்க்கிறார்கள். எனக்கு வரும் செய்திகளை நானே படிக்க உட்கார்ந்தால் குளிக்கக்கூட நேரம் இருக்காது.

நடந்தது எனக்கும் இடிதான். ரீம் சாப்பிடவில்லை, கதவைத் திறக்கவில்லை. நான் வாசலிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். பெற்றவளின் கஷ்டம் உனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆனால் நீ கேட்பதை நான் எப்படிச் செய்வேன்? படம் கம்பெனியுடையது. அவர்கள் எதைப் போடுகிறார்கள் என்று என்னைக் கேட்பதில்லை. அன்று நடந்ததை அந்த வாரமே என் வலைப்பூவில் எழுதினேன். என் தோழியின் மகன் பசியில் அழுதான், எடுத்து அணைத்தேன், வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான் என்று. ஆயிரக்கணக்கான பெண்கள் அதைப் படித்து அழுதார்கள். முதல் பின்னூட்டம் உன்னுடையதுதான், ஞாபகம் இருக்கிறதா? "என் மகனுக்கு இரண்டு அம்மாக்கள்" என்று எழுதினாய். இப்போது அது இல்லை என்றால் அது நம் இரண்டு பேருக்கும் அழகில்லை.

இறைவன் ஒன்றை எடுத்தால் வேறொன்றைக் கொடுக்கிறான். எனக்கு ஒரு மருமகன் போனான், ஒரு மகன் கிடைத்தான். இல்யாஸ் இனி எந்த நேரத்திலும் எங்கள் வீட்டுக்கு வரலாம். ரீம் அவன் முன்னால் தலையை மூடவேண்டியதில்லை, தனியாக உட்கார்ந்து பேசலாம், எவனும் ஏனென்று கேட்கமுடியாது. அண்ணன் என்றால் சும்மாவா? இதை அவனிடம் சொல். மனம் ஆறும்.

கூடவே ஒரு கூடை அனுப்பியிருக்கிறேன். இந்த ஆண்டுச் சிறப்புத் தேநீர், சோம்பு கலந்தது. சால்வை நல்ல பருத்தி. உன் அக்கம்பக்கத்தில் பிள்ளை பெற்றவர்கள் இருந்தால் கொடு.

உன் தூரியா


தெத்துவான், ஏப்ரல் 24

தூரியா,

கூடையை வந்த பஸ்ஸிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.

நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது, நான் ஞாபகப்படுத்துகிறேன். பிரசவத்துக்குப் பின் உனக்குக் காய்ச்சல் வந்தது, நாற்பது நாள் முடிவதற்குள் பால் வற்றிப்போனது. ஆனால் அதற்கு முந்தின வாரமே, தேநீர் குடித்தேன், நின்ற பால் திரும்பி ஊற்றாகச் சுரக்கிறது என்று நீ எழுதிவிட்டாய். எப்படியும் வந்துவிடும் என்று நினைத்தாய், பாவம். அதன்பின் ஊரிலுள்ள பெண்களெல்லாம் உனக்கு எழுத ஆரம்பித்தார்கள், கம்பெனிக்காரன் பூங்கொத்தோடு வந்தான், உன்னால் இறங்கமுடியவில்லை. அப்போது யார் உனக்குப் பால்மாவு வாங்கினது? நாம் அப்போது இருந்த ரபாத்தில் வாங்கினால் யாராவது பார்ப்பார்கள் என்று ஆறு தாண்டி ஸலேக்குப் போய், என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எனக்குத்தான் பால் இல்லை என்று மருந்துக்கடையில் சொல்லி வாங்கினவள் நான்தான். மாவை, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் ஸெல்லூ இனிப்பு மாவு ஜாடியில் கொட்டி வைத்தோம். உன் மாமியார் ஸெல்லூ என்று நினைத்து ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, "என்னடி இது, எள்ளும் இல்ல பாதாமும் இல்ல, கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேணாமா?" என்று கேட்டதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது, உன்னை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருவது.

எனக்கு அப்போது பால் வேண்டிய மட்டும் இருந்தது. ரீமைக் கொடு, நானே கொடுக்கிறேன் என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "வேணாம்டி. நாளைக்கு இதுங்க ரெண்டும் ஒண்ணையொண்ணு கட்டிக்கணும்னு நின்னா என்ன செய்வே?" என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சட்டம் உனக்கு அப்போதே அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது.

இஃப்ரானில் படம் எடுத்தவன் இன்னொரு பிள்ளையும் வேண்டும், அப்போதுதான் தேநீரின் மகிமை தெரியும் என்றான். நீ என்னைப் பார்த்தாய். பால் இல்லாத மார்பில் வைத்தால் பாவமில்லை என்று நான்தான் இல்யாஸைக் கொடுத்தேன். ஒன்றும் வராமல் அவன் வீறிட்டுக் கத்தினதை அந்த அறையே கேட்டது. அவன் தூங்கினது என் மடியில், என் பாலைக் குடித்துவிட்டு. பின்னூட்டம் எழுதச் சொன்னதும் நீதான். என்ன எழுதவேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகச் சொன்னதும் நீதான்.

இல்யாஸிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் ரீமிடம் சொல்லியிருக்கிறான். அவள் உன்னிடம் வந்து கேட்டிருப்பாள். என்ன சொன்னாய்? அதை மட்டும் எழுது. அந்தப் பெண் இப்போது என் மகனின் அழைப்பையும் எடுப்பதில்லை.

நீ அதூலிடம் வரவில்லை என்றால் நானே எழுதுவேன். என் பழைய வலைப்பூ இன்னும் இருக்கிறது.

பூஷ்ரா


காசாபிளாங்கா, மே 2

பூஷ்ரா,

எழுது. தாராளமாக எழுது.

எழுதுவதற்கு முன் உன் வலைப்பூவில் பழைய பக்கங்களை ஒருமுறை புரட்டிப்பார். அந்தச் சால்வை போட்டதும் மார்புக் காயம் ஆறிப்போனது என்று எழுதியிருக்கிறாய். உனக்குக் காயமே வந்ததில்லை. அந்தத் தேநீரால்தான் இல்யாஸ் ராத்திரியில் அழாமல் தூங்குகிறான் என்று எழுதியிருக்கிறாய். தேநீரை நீ வாயில் வைத்ததேயில்லை, வெந்தய நாற்றம் என்று தொட்டியில் கொட்டினாய். அதற்காகக் கம்பெனி உனக்குச் சலவை இயந்திரம் கொடுத்தது. அது இன்னும் ஓடுகிறதா? என்னைப் பொய்க்காரி என்பதற்கு முன் அதை நிறுத்திவிட்டுக் கையால் துவை.

கம்பெனியின் வக்கீலுக்கு உன்னைப்போல் ஒருத்தி கிடைத்தால் விருந்துதான். புருஷன் விட்டுவிட்டுப் போனவள், பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா, பணக்கார வீட்டுப் பெண்ணுக்கு மகனைக் கட்டி வைக்கப் பார்த்தாள், நடக்கவில்லை என்றதும் சேற்றை வாரி இறைக்கிறாள். இப்படித்தான் படிப்பார்கள். நான் சொல்லித் தரவேண்டியதே இல்லை.

ரீமிடம் என்ன சொன்னேன் என்று கேட்டாய். அவள் தலையில் கைவைத்து, "நீ குடிச்சது என் பால். உன் மேல ஆணையா என் பால்" என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். பிறந்த நாளிலிருந்து அவள் என் பால் கதையைக் கேட்டு வளர்ந்தவள், பூஷ்ரா. பள்ளியில் கட்டுரை எழுதினாள், மேடையில் பேசினாள். பெற்றவளை விட்டு எவனோ சொல்வதையா நம்புவாள்? உன் மகன் தன் ஆசைக்காக அவளைப் பெற்ற தாயையே இழிவு செய்யச் சொல்கிறான் என்று அவளுக்கு அவன் மேல் கசந்துபோய்விட்டது. அதை நான் செய்யவில்லை. நீ செய்தாய், அவனிடம் வாயைத் திறந்து.

இனி எழுதாதே.

தூரியா


தெத்துவான், ஜூன் 20

லல்லா தூரியா அவர்களுக்கு,

எழுதாதே என்றீர்கள். உங்கள் கம்பெனியே என் வீடு தேடி வந்ததால் எழுதவேண்டியிருக்கிறது.

விஜ்தான் என்று ஒரு பெண் வந்தாள். விளம்பரப் பிரிவில் இருக்கிறாளாம். சின்னப் பெண், கெட்டவள் இல்லை, என் வீட்டுப் படியேறி மூச்சு வாங்கினாள். நான் தேநீர் கொடுத்தேன், சாதாரணப் புதினாத் தேநீர். அவள் கண்ணெல்லாம் மின்ன, "அத்தை, அந்தப் படத்துக்குக் கீழ ஜனங்க எழுதறதைப் பார்த்தீங்களா? ஒரே அழுகை! ஒருத்தர் பால்ல ரெண்டு பேர் வளர்ந்த கதைய இப்ப யாரு சொல்றா? இல்யாஸும் ரீமும் அண்ணன் தங்கச்சியா கைகோத்து நடந்து வர்ற மாதிரி ஒரு படம் எடுக்கறோம். 'பால் அண்ணன்'னு பேரு வெச்சாச்சு. நீங்க இந்தக் காகிதத்துல கையெழுத்துப் போட்டா போதும்" என்றாள்.

அவர்கள் இரண்டு பேருக்கும் நிச்சயம் ஆகியிருந்தது என்று அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். கையிலிருந்த குவளையை அவள் கீழே வைத்துவிட்டாள். "அப்ப மேடம் ஏன் அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தாங்க? நாங்க மூணு படம் அனுப்பினோம். ஒண்ணுல ரீம் மட்டும் இருந்தா, அதைத்தான் நாங்க கேட்டோம். மேடம்தான் இதைப் போடுங்க, பையன் பேரையும் அவங்க அம்மா பேரையும் போடுங்கன்னாங்க. நான் நல்ல மனசுன்னு நினைச்சேன்."

கம்பெனி உங்களைக் கேட்பதில்லை என்று எழுதினீர்கள்.

முட்டாள்தனத்தால் நடந்தது, பயத்தால் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். கோபம் வந்தாலும் இரக்கமும் இருந்தது. கம்பெனி முதலாளியின் தங்கை மகன் மெஹ்திக்கு ரீமைக் கேட்டிருக்கிறார்கள் என்பதையும் விஜ்தான்தான் சொன்னாள். சர்க்கரைக் கூம்புகளைத் திருப்பிக் கொடுத்தால் நீங்கள் வாக்கு மாறினவர் ஆவீர்கள். மார்க்கமே தடுத்துவிட்டால் நீங்கள் பாவப்பட்ட தாய். எனக்கு இவ்வளவு கணக்குத் தெரியாது, லல்லா.

நான் கையெழுத்துப் போடவில்லை. இல்யாஸ் துலூஸுக்குத் தனியாகப் போய்விட்டான். போகும்போது, "உண்மைய சொன்னது தப்பாம்மா?" என்று மட்டும் கேட்டான்.

பூஷ்ரா


காசாபிளாங்கா, அக்டோபர் 5

பூஷ்ரா,

ரீமின் கல்யாணம் நன்றாக நடந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன், உன் பரிசுக்கும்.

பரிசுகளை மணப்பெண் ஒவ்வொன்றாகப் பிரிக்கக் கம்பெனி அதை நேரலையில் காட்டியது. உனக்கு அது தெரிந்திருக்கும், தெரிந்துதான் அனுப்பியிருப்பாய். பட்டுத்துணிக்குள் பட்டுத்துணி சுற்றி, உள்ளே அந்தப் பழைய பால்மாவு டின். இளஞ்சிவப்பு மூடிகூட அப்படியே இருந்தது. இத்தனை வருஷம் அதில் தையல் பொத்தான்களைப் போட்டு வைத்திருந்தாயா? ரீம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் டின்னை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். "இது என் தோழி பூஷ்ராவோட டின். பாவம், அவளுக்குப் பால் இல்ல. மருந்துக்கடைக்காரங்ககிட்டயே சொல்லி அழுவா. அதனாலதான் அவ பிள்ளைக்கு நான் குடுத்தேன். இன்னைக்கும் அதை மறக்காம அனுப்பியிருக்கா பாருங்க" என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது. ரீமும் அழுதாள். இந்த ஆண்டு அதிகம் பேர் பார்த்த படம் அதுதான் என்று விஜ்தானுக்குப் பதிலாக வந்த பெண் சொன்னாள்.

அண்ணனுக்கு என் வீட்டுக் கதவும் ரீம் வீட்டுக் கதவும் எப்போதும் திறந்தே இருக்கும் என்று மெஹ்தியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவனும் தலையாட்டினான். உன் மகன் வரமாட்டான், தெரியும். சொல்வதில் என்ன வந்துவிடப் போகிறது?

டின்னைக் கம்பெனி கேட்டு வாங்கிக்கொண்டது. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

தூரியா


காசாபிளாங்கா, ஜூலை 28

பூஷ்ரா, என் தங்கச்சி,

இதைப் படிக்காமல் கிழித்துவிடாதே. அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு என் கையாலேயே எழுதுகிறேன்.

ரீமுக்கு ஆண் குழந்தை. பிறந்து மூன்று வாரம் ஆகிறது. அவளுக்குப் பால் வரவில்லை. பிள்ளை பிறப்பதற்கு முன்பே கம்பெனி அவளை இந்த ஆண்டின் முகமாக அறிவித்துவிட்டது, அம்மாவும் மகளும் என்று. அவள் வீட்டில் எல்லாரும் கம்பெனி ஆட்கள். மாமியார், டிரைவர், வந்து பார்க்கும் டாக்டர்கூட அவர்களுடைய ஆள்தான், தேநீரை இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் போடச் சொல்கிறார். அவள் குடித்துக் குடித்து வாந்தி எடுக்கிறாள். பால்மாவு கொடுக்கலாம் என்று ஜாடையாகச் சொன்னேன், என்மேல் பாய்ந்தாள். "உங்களுக்கு நின்னு போன பால் திரும்ப வந்துச்சே, எனக்கு ஏன் வராது? நான் தாயில்லையா?" என்கிறாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது? பிள்ளை இளைத்துவிட்டது. இப்போது அழக்கூடத் தெம்பில்லாமல் முனகுகிறது.

நான் இங்கே எந்த மருந்துக்கடைக்குள்ளும் போகமுடியாது. கண்ணாடிக் கதவிலேயே என் முகம் ஒட்டியிருக்கிறது. நாம் அப்போது வாங்கினோமே, அதில் கொஞ்சம் வாங்கிப் பஸ்ஸில் அனுப்பு. வேறு டப்பாவில் மாற்றிப் போட்டுவிடு, ஸெல்லூ என்று எழுதிவிடு. ரீமுக்குத் தெரியவேண்டாம். பிள்ளையை நான் தாலாட்ட எடுத்துப்போகும்போது கொடுத்துக்கொள்கிறேன். பால் வந்துவிட்டது என்று அவளும் நினைத்துக்கொள்வாள்.

உனக்கு என்மேல் என்ன கோபம் இருந்தாலும் அந்தப் பிள்ளை என்ன செய்தது?

உன் அக்கா தூரியா


தெத்துவான், ஜூலை 29

லல்லா தூரியா அவர்களுக்கு,

பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. அதனால் கடிதம் கைக்கு வந்த உடனே வாங்கிவிட்டேன். மருந்துக்கடையில் யாருக்கு என்று கேட்டார்கள், இந்தமுறை எனக்கு என்று சொல்லவில்லை.

பஸ் பார்சலில் போட மனம் வரவில்லை. இல்யாஸ் கோடை விடுமுறைக்கு வந்திருக்கிறான், அவனே கொண்டுவருகிறான். இந்தக் கடிதத்தையும் வழியில் உங்கள் வாசலில் போட்டுவிட்டு நேராக ரீம் வீட்டுக்குப் போவான். மெஹ்தி வீட்டில் இல்லாவிட்டாலும் யாரும் அவனைத் தடுக்கமாட்டார்கள். அண்ணன் என்று ஊரறியச் சொன்னவர் நீங்கள்தான். ரீமோடு தனியாக உட்கார்ந்து பேசலாம், எவனும் ஏனென்று கேட்கமுடியாது என்று எழுதினவரும் நீங்கள்தான்.

டப்பா மாற்றவில்லை. அதே டின், மூடியின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டார்கள்.

பேசாமல் முதலில் பிள்ளைக்குக் கரைத்துக் கொடு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அது குடித்துத் தூங்கினபிறகு, இந்த மாவை அனுப்பச் சொன்னது யார், முதன்முதலில் இதைக் குடித்து வளர்ந்தது யார் என்று ரீமிடம் சொல்வான். போன தடவை அவள் அவனை நம்பவில்லை. இப்போது நம்புவாள். அவளுக்கு வலிக்கும், உங்களைவிட அவளுக்குத்தான் அதிகம் வலிக்கும், அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்புகிறேன்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அவன் அவள் வாசலில் நின்றுகொண்டிருப்பான். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைக்கச் சொல்லி அவளுக்குப் போன் செய்துவிடுங்கள்.

பூஷ்ரா